லிஸ்னாவில் எத்தனை பேர்

எங்கள் லிஸ்னாவில் எத்தனை பேர் என்று ஐந்நூறு வருஷமாக யாராவது ஒருவர் மலையேறி வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவருக்கும் சரியான பதில் கிடைத்ததில்லை.

முதலில் வந்தவர் சுல்தானின் கணக்கர். அவர் குதிரைமேல் வந்தார், அவருடைய மைப்புட்டி கழுதைமேல் வந்தது. அந்தக் காலத்தில் அடுப்புக்கு இவ்வளவு என்று வரி. ஊரில் இருபத்திரண்டு அடுப்பு. கணக்கர் ஆற்றங்கரையில் தலை காட்டியதுமே எங்கள் ஆட்கள் பதின்மூன்றை அணைத்துவிட்டு, ஒரு வீட்டில் இரண்டு மூன்று குடும்பமாக அடைந்துகொண்டு, ஒன்பது புகையைக் காட்டினார்கள். ஒன்பதே வீட்டில் இவ்வளவு ஜனமா என்று கணக்கர் வியந்தாராம். ஏழைகள், குளிருக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கிறோம் என்றார்களாம். அவர் கண் கலங்கி ஒன்பது என்று எழுதிக்கொண்டு போனார்.

அப்புறம் ராஜா காலம். ரோடு போட ஆள் எடுக்கப் போலீஸ் வந்தபோது ஊரில் வாலிபன் ஒருவன்கூட இல்லை. எல்லோரும் மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்கு வரி போட வந்தபோது ஆடும் இல்லை. இத்தாலிக்காரன் வந்தான், ஜெர்மன்காரன் வந்தான், இருவருக்கும் குறைத்தே சொன்னோம். கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியில் கோழியைக்கூட எண்ணினார்கள். எல்லை தாண்டி ஓடிய தம்பி ஒருவன் இருந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் கேடு என்ற காலம் அது. அதனால் எங்கள் ஊரில் பிறக்கவே பிறக்காத தம்பிகள் ஏராளம். அவர்களில் ஒருவர் பிறகு டெட்ராய்ட்டிலிருந்து போட்டோ அனுப்பினார், நல்ல கொழுகொழுவென்று.

எல்லை திறந்ததும் எண்ண வேண்டிய அவசியமே போய்விட்டது. பாதி ஊர் கிரீஸுக்கு நடந்தே போனது, மீதியில் பாதி கப்பலேறி இத்தாலிக்குப் போனது. போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை என் கடையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊரில் கடை என்றால் அது ஒன்றுதான்: முன்னால் காபி, பின்னால் சீனி, சோப்பு, ஆணி, ராக்கிச் சாராயம். என் அப்பா பெஷ்கோபி சந்தையில் உப்பும் கயிறும் விற்றவர். மூன்று சொன்னால் ஒன்றுக்கு இறக்குவார்கள், ஆகவே ஆறு சொல் என்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் கணக்கு. கூட்டிச் சொல்லிப் பழகிய நான் குறைத்துச் சொல்லும் ஊரில் பெண் எடுத்து, இங்கேயே தங்கி முப்பத்தோரு வருஷம் ஆகிறது.

போன இலையுதிர் காலத்தில் டவுன் ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்தது. அக்டோபரில் ஜனத்தொகைக் கணக்கு எடுப்பார்களாம். அறுபது பேருக்குக் கீழே உள்ள ஊர்களில் மருந்தகத்தை மூடிவிட்டு, நர்ஸை டவுனுக்கு மாற்றிவிடுவார்களாம். எங்கள் நர்ஸ் ஜெவ்ரியே அந்தக் காகிதத்தை என் கடைக்குக் கொண்டுவந்து, கல்லாமேல் வைத்து, உள்ளங்கையால் தடவி விட்டாள். அதை என்னை வாசிக்கச் சொன்னாள், தானும் கூடவே வாசித்தாள். பிறகு மிர்யெத்தாவுக்கு ஜனவரி இருபது வாக்கில் பிரசவ நாள் என்றாள்.

மிர்யெத்தா, ரூஸ்தெமின் மருமகள். ஊரில் மாசமாக இருந்த ஒரே பெண். ஜனவரி நடுவில் மேலே கணவாயில் பனி விழுந்தால் மார்ச் வரை ஒரு வண்டியும் ஏறாது, இறங்காது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் இப்படித்தான் ஜெவ்ரியேவை ஏதோ பயிற்சி என்று டவுனுக்குக் கூப்பிட்டார்கள். போனவள் பனியில் மாட்டிக்கொண்டாள். மிர்யெத்தாவின் முதல் குழந்தை தங்கவில்லை. அந்தப் பெண் அன்றைக்கு அழுததைவிட, அதன் பிறகு அழாமலே இருந்ததுதான் ஊரைப் பயமுறுத்தியது.

நான் விரல் விட்டு எண்ணினேன். ஒரு வீடு விடாமல் எண்ணினேன். அறுபது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சில்லறை மிச்சமில்லாத கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆண்களை எல்லாம் கடைக்குக் கூப்பிட்டு, காபி என் செலவு என்றேன். அதனாலேயே விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டார்கள். இந்த ஒரு தடவை மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று கேட்டேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ரூஸ்தெம்தான் முதலில் ஒத்துக்கொண்டார். ஆறடி உயரம், தேவதாரு மரம் மாதிரி ஆள், பேச்சு குறைவு. மருமகள் விஷயம் அவர் வீட்டு விஷயம் என்பதால் எல்லோரும் அவரைப் பார்த்தே தலையசைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கணக்கெடுக்கிற பெண் வந்தாள். எக்லன்தீனா என்று பெயர், இருபத்து நான்கு வயது, டவுன் செருப்பு, கையில் பலகை மாதிரி ஒரு கணினி. கூட வழிகாட்ட நான். எங்கள் பக்கத்தில் வாசல் மிதித்தவருக்குக் காபி கொடுக்காமல் பேச்சைத் தொடங்க முடியாது. குடிக்காமல் எழுந்திருக்கவும் முடியாது. பதினான்காவது காபியின்போது அந்தப் பெண்ணின் விரல் தானாகவே திரையில் தாளம் போட்டது.

கேள்விகள் ஒழுங்காகத்தான் இருந்தன. வீட்டில் எத்தனை பேர், பெயர் என்ன, வயது என்ன. கடைசியில் ஒரு கேள்வி: "நிச்சயமா இவ்வளவுதானா?"

அந்தக் கேள்வியை எழுதிய புண்ணியவான் எங்கள் பக்கத்து ஆள் இல்லை என்பது நிச்சயம். லிஸ்னாவில் ஒருவர் ஒன்றைச் சொன்ன பிறகு 'நிச்சயமா' என்று இன்னொரு தடவை கேட்டால், நீ பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அதற்கு ஒரே பதில்தான் உண்டு: பெஸா. என் வாக்கு, என் மானம், இனி இதில் பேச்சில்லை என்று அர்த்தம். பெஸா சொல்லிவிட்டால் உயிர் போனாலும் மாற்ற முடியாது.

ரூஸ்தெம் வீட்டில் அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ரூஸ்தெமின் மனைவி ஹதீஜே காபி கொண்டுவந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று எக்லன்தீனா கேட்டாள். ரூஸ்தெம் வாய் திறந்ததை நான் பார்த்தேன். உள்ளதைச் சொல்லத்தான் திறந்தார், சத்தியமாக. ஆனால் எதிரே அரசாங்கம், அதன் கையில் எழுதுகிற ஒரு சாமான். ஐந்நூறு வருஷம் அந்த மனிதரின் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"மூணு பேரு," என்றார். "நான், என் பெண்டாட்டி, சின்ன பையன்."

"நிச்சயமா இவ்வளவுதானா?"

"பெஸா," என்றார் ரூஸ்தெம்.

பக்கத்து அறையில் பெரிய மகன் லூவான், மிர்யெத்தாவின் புருஷன், தும்மினான். பூனை என்றாள் ஹதீஜே.

மாலையில் என் கடையில் உட்கார்ந்து எக்லன்தீனா கூட்டிப் பார்த்தாள். நாற்பத்தாறு. நானே மனசுக்குள் ஒவ்வொரு வீடாகப் போனேன். ஷாச்சிர் இரண்டு மகன்களை மறைத்திருந்தான், பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்களாம்; கட்டாயப் பட்டாளம் ஒழிந்தே பல வருஷம். தேன்கூடு வைத்திருக்கிற ஹைசென் மூன்று பெண்களை மறைத்திருந்தான், கல்யாணமாகாத பெண்களை முன்பின் தெரியாதவரிடம் கணக்குச் சொல்லக் கூடாதாம். கிரீஸிலிருந்து போன வருஷம் திரும்பி வந்த நாலு பேர் குடும்பத்தை அவர்கள் தங்கியிருந்த சித்தப்பா மறைத்திருந்தார். ஒரு விதவை தன் தம்பியை. ஒருவன், பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் தினமும் சோறு போடுகிற தன் பெரியப்பாவை. ரூஸ்தெம் இரண்டு. ஆக மொத்தம் பதின்மூன்று. ஒன்று இடித்தது. பதினான்கு வர வேண்டுமே?

என் மனைவிதான் அடுப்படியிலிருந்து நிதானமாகக் கேட்டாள், தன் தம்பி என்ன ஆனான் என்று. ஆறு வருஷமாக எங்கள் வீட்டு சோபாவில் படுத்திருக்கிற என் மச்சான். முதல் வீடாக என் வீட்டைத்தான் எழுதினார்கள். நானும் என் பெண்டாட்டியும், இரண்டே பேர், பெஸா என்று சொன்னது என் வாய்தான். ஊருக்கு உபதேசம் செய்து காபியும் வாங்கிக்கொடுத்த வாய்.

திருத்த முடியுமா என்று எக்லன்தீனாவைக் கேட்டேன். வீட்டுத் தலைவரே வந்து தான் சொன்னது தப்பு என்று சொன்னால் திருத்தலாம் என்றாள். அதைவிட ஆற்றை மலைமேல் ஏற்றுவது சுலபம். பூட்டிக் கிடக்கிற பதினோரு வீடுகளைப் பற்றிக் கேட்டாள். பூட்டிய வீட்டை உடனே காலி என்று எழுத விதியில்லையாம். சனிக்கிழமை இன்னொரு தடவை வந்து தட்டிப் பார்க்க வேண்டுமாம். சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

அந்த விதி மட்டும் சந்தையில் வளர்ந்த ஆள் எழுதினது போலிருந்தது.

மறுநாள் காலையிலேயே வீடுவீடாகப் போனேன். பேரம் இப்படி: நீங்கள் சொன்ன எண்ணிக்கையில் ஒருவரும் கை வைக்க வேண்டாம். மூன்று என்றால் மூன்றுதான். மறைத்தவர்கள் மட்டும் பூட்டிய வீடுகளில் போய் அடுப்பு மூட்டட்டும். சனிக்கிழமை அந்தப் பெண் வந்து அங்கே எழுதிக்கொள்ளட்டும். உங்கள் வாக்கும் நிற்கும், ஊரும் நிற்கும். ஷாச்சிர் முதலில் முறைத்தான், பிறகு சிரித்தான், பிறகு மகன்களுக்கு மெத்தை கட்டினான். ஹைசென் மட்டும் பெண்களைத் தனியாக விட முடியாது என்று இழுத்தான். பேச்சுவார்த்தையில்லாத பெரியப்பாவைக் காவலுக்குப் போட்டு முடித்தேன். அவருக்கு வயது எண்பத்தெட்டு, கோபம் இன்னும் இளமையாகத்தான் இருந்தது.

ஐந்து வீடு போதும். சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டேன். இத்தாலியில் பெர்காமோவில் இருக்கிற யூமெர், தன் வீட்டில் விருந்தாளிக்கு இடமில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, போர்வையெல்லாம் அலமாரியில் இருக்கிறது என்று பெரிய மனசாகப் பேசினான். போனை வைப்பதற்கு முன் தோட்டத்து வால்நட்டில் பாதி தனக்கு வர வேண்டும் என்றான். மூன்றில் ஒரு பங்குக்கு முடித்தேன்.

யூமெரின் வீடு மருந்தகத்திலிருந்து நாற்பது அடி. அதை மிர்யெத்தாவுக்கும் லூவானுக்கும் என்று ஒதுக்கிவிட்டு, கடைசியாக ரூஸ்தெமிடம் போனேன்.

ரூஸ்தெம் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரை நிறுத்தவில்லை.

"முடியாது," என்றார். "அப்பன் உயிரோட இருக்கும்போது மகன் வேற வீட்ல அடுப்பு மூட்டினா ஊரு என்ன சொல்லும்? சண்டை போட்டுப் பிரிஞ்சுட்டாங்கன்னு சொல்லும்."

"ஊரே இந்த ஏற்பாட்ல இருக்கு, அண்ணே. எந்த ஊரு பேசப்போவுது?"

"கீழ ஊரு பேசும்."

"அப்ப போய், நீங்க சொன்னது தப்புன்னு திருத்திட்டு வாங்க."

கோடரி நின்றது. "பெஸா சொல்லியிருக்கேன், நஸீஃப்."

"பெஸாவையும் விடமாட்டீங்க, பிள்ளையையும் அனுப்பமாட்டீங்க. ரெண்டு கழுதையையும் விக்கமாட்டேன், ஆனா காசு வேணும்னா எப்படி? அறுபதுல ரெண்டு குறைஞ்சா ஜெவ்ரியே டவுனுக்குப் போயிடுவா. ஜனவரில என்ன பண்ணப்போறீங்க?"

தெரியாத விஷயமா அவருக்கு? இரண்டு வருஷத்துக்கு முன் பனியில் இடுப்பளவு இறங்கி, நர்ஸைத் தேடிக் கணவாய் வரை நடந்து, வெறுங்கையோடு திரும்பியவர் அவர்தான். ஆனாலும் கோடரியைத் தூக்கினார். நானும் பேரம் படியாமல் கிளம்பத் திரும்பினேன்.

கதவு திறந்தது. மிர்யெத்தா வந்தாள். ஒரு தோளில் சுருட்டிய மெத்தை, இன்னொரு கையில் வாணலி, அதற்குள் சோளமாவு. வயிறு முன்னால் வந்தது. மாமனார் முன்னால் அந்தப் பெண் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் சத்தமாகப் பேசவில்லை.

"மாமா, இந்த வீட்ல மூணு பேருன்னு நீங்க பெஸா சொன்னீங்க. அந்த மூணுல நான் இல்ல. இல்லாதவ எங்க தூங்கினா உங்களுக்கென்ன?"

ரூஸ்தெம் கோடரியைப் பார்த்தார், மரக்கட்டையைப் பார்த்தார். பிறகு மெத்தையை அவள் தோளிலிருந்து வாங்கி, வாசலில் நின்றிருந்த லூவான் தலையில் வைத்தார். மாசமானவள் பாரம் தூக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். அதை அனுமதி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை எக்லன்தீனா வந்தபோது ஐந்து பூட்டிய வீடுகளிலும் புகை வந்தது. அவள் வண்டியை விட்டு இறங்கி, கொஞ்ச நேரம் கூரைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் வீட்டில் ஹைசெனின் மூன்று பெண்கள். நடுப்பெண்ணைப் பார்த்து, செவ்வாய்க்கிழமை மேலே ஹைசென் வீட்டில் காபி கொடுத்தது நீதானே என்று கேட்டாள். பெண் என்னைப் பார்த்தது. அன்றைக்கு அங்கே விருந்தாளியாகப் போயிருந்தாள் என்றேன். விருந்தாளி காபி போடுவாளா என்று எக்லன்தீனா கேட்டாள். நல்ல விருந்தாளி என்றேன்.

"எங்க ஊர்லயும் இப்படித்தான், அண்ணே," என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டே. "என்ன, எங்க ஊர்ல இவ்வளவு அழகா புகை போடத் தெரியாது."

பெயர் எழுதினாள். எத்தனை நாள் இங்கே குடியிருப்பீர்கள் என்பதும் ஒரு கேள்வி. எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஆண்டவன் விட்டபடி என்றார்கள். என் மச்சான் மட்டும் சாப்பாடு எப்படி என்பதைப் பொறுத்தது என்றான். அவள் எல்லாவற்றையும் ஒரு வருஷத்துக்கு மேல் என்று எழுதிக்கொண்டாள்.

கடைசியாக யூமெரின் வீடு. ஒரு மெத்தை, ஒரு வாணலி, வெந்துகொண்டிருக்கிற ரொட்டி, ஜன்னலில் திரையில்லை. திருடர்கள் விட்டுப்போன வீடு மாதிரி இருந்தது. மிர்யெத்தா காபி கொடுத்தாள். எக்லன்தீனா வீட்டைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், இங்கேதான் குடியிருக்கப் போகிறாயா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் மிர்யெத்தா. எக்லன்தீனா சுவரோரம் கிடந்த அந்த ஒற்றை மெத்தையை மறுபடி பார்த்தாள்.

"நிச்சயமா?"

நான் தொண்டையைக் கனைத்தேன். சும்மா தலையாட்டு என்று கண்ணைக் காட்டினேன். லூவான் அவளைத் தடுக்கக் கிட்டத்தட்டக் கையைத் தூக்கியேவிட்டான். மிர்யெத்தா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"பெஸா," என்றாள். "என் குழந்தை இந்த வீட்லதான் பொறக்கும். நான் இங்கதான் இருப்பேன்."

அறுபது. எக்லன்தீனா திரையைத் திருப்பி எனக்குக் காட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை எல்லோரும் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். பெரியப்பா மட்டும் சண்டைக்கு ஆளில்லை என்று ஞாயிற்றுக்கிழமையே திரும்பிவிட்டார். யூமெர் வீட்டில் புகை நிற்கவில்லை. செவ்வாய், புதன், நிற்கவில்லை. வியாழக்கிழமை அங்கே ஜன்னலுக்குத் திரை வந்தது.

ரூஸ்தெம் கடைக்கு வந்து ஒரு ராக்கி கேட்டார். ஜெவ்ரியே ஓரத்தில் உட்கார்ந்து மருந்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வருவாளாம்?"

"பெஸா சொல்லிட்டா, அண்ணே."

"பொம்பள சொன்ன பெஸா..." என்று தொடங்கினார்.

ஜெவ்ரியே பேனாவை நிறுத்தினாள். தலை நிமிரவில்லை, பேனா மட்டும்தான் நின்றது. ரூஸ்தெம் அந்த வாக்கியத்தை அப்படியே ராக்கியோடு சேர்த்து விழுங்கினார். தன்னுடைய மூன்று நிற்க வேண்டும் என்றால் அவளுடைய சொல்லும் நிற்க வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல. காசு கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் இரண்டரை மாதம் அவர் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. விறகு மட்டும் காலையில் யூமெர் வீட்டு வாசலில் பிளந்து அடுக்கியிருக்கும். யார் அடுக்கியது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

டிசம்பரில் காகிதம் வந்தது, மருந்தகம் இருக்கும் என்று. ஜனவரி பன்னிரண்டாம் தேதி கணவாய் மூடியது. பதினேழாம் தேதி காலை, பனி ஜன்னல் மட்டத்துக்கு நின்றபோது, ஜெவ்ரியே மருந்தகத்திலிருந்து நாற்பது அடி நடந்தாள். நாங்கள் மண்வெட்டியால் முன்னால் வழி வெட்டிக்கொடுத்தோம். மத்தியானத்துக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. குரல் என் கடை வரைக்கும் கேட்டது. பேரம் பேசப் பிறந்த குரல் என்றேன் என் மனைவியிடம்.

மிர்யெத்தா அழுதாள் என்று ஜெவ்ரியே வந்து சொன்னாள். சத்தம் போட்டு, நன்றாக, வெகுநேரம் அழுதாளாம். அதைச் சொல்லும்போது ஜெவ்ரியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பகலில் ரூஸ்தெம் வந்தார். வெள்ளைத் தொப்பி, துவைத்த கோட்டு, கையில் ஒரு முழுப் பாலாடைக்கட்டி. மகன் வீடுதான், ஆனால் அவர் வாயால் சொன்ன கணக்குப்படி அது அன்னியர் வீடு. தள்ளித் திறக்க முடியாது. வாசலில் நின்று, விருந்தாளி கூப்பிட வேண்டிய முறைப்படி கூப்பிட்டார்.

"வீட்டுக்காரங்களே, விருந்தாளியை ஏத்துக்குவீங்களா?"

லூவான் ஓடிவந்து திறந்தான். அவருடைய கோட்டை வாங்கி மாட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் பெரிய இடத்தில் உட்கார வைத்து, காபி கொடுத்தார்கள். ஜெவ்ரியே பிறப்புப் பதிவுக் காகிதத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ரூஸ்தெம் எட்டிப் பார்த்தார்.

"இப்பவே எழுதணுமா?" என்றார் தணிந்த குரலில். "ரெண்டு பேருன்னே இருந்துட்டுப் போகட்டுமே. எதுக்கு அவங்களுக்கெல்லாம் தெரியணும்?"

"மூணுன்னு எழுதுங்க, அக்கா," என்றாள் மிர்யெத்தா படுக்கையிலிருந்து. "பேரு நாளைக்குச் சொல்றேன்."

குழந்தையை அவர் கையில் கொடுத்தார்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், சந்தையில் முட்டைக்கூடை வாங்கினவர் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஆயிற்று. எழுந்திருக்கவில்லை.

விருந்தாளியை எப்போது கிளம்புகிறீர்கள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். ரூஸ்தெம் மூன்று நாள் தங்கினார். நான்காம் நாள் காலை, ஹதீஜே தன் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வெட்டிய பனிவழியில் வந்து, வாசலில் நின்று, முறைப்படி கூப்பிட்டாள்.